சிதைந்த எழுத்தும் செயற்கை நுண்ணறிவும்: ‘இதாக்கா’ – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பழங்கிரேக்கக் கல்வெட்டுகளில் சிதைந்த எழுத்துகளை ஊகித்துத் தரும் ‘இதாக்கா’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி, ஆய்வாளரின் சிந்தனையை எவ்வகையில் விரிக்கிறது, எவ்விடத்தில் எல்லை கொள்கிறது என்பதையும், தமிழ்ப் பதிப்பியலுக்கு அது உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செயற்கை நுண்ணறிவு, கல்வெட்டியல், பாட மீட்பு, பதிப்பியல், அருஞ்சொல்.

முன்னுரை

செயற்கை நுண்ணறிவு மனித அறிவுக்குப் போட்டியா, துணையா என்னும் வினா பெரும்பாலும் பொதுநிலையிலேயே விவாதிக்கப்படுகிறது. பாட மீட்புத் துறையில் அதனை அளந்தறிய இயலும். டீப்மைண்ட் நிறுவனத்தாரும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து உருவாக்கிய இதாக்கா, 2022இல் ‘நேச்சர்’ இதழ்வழி அறிமுகமானது.

கருவியும் அறிஞரும்

சிதைவுகளை மீட்கும் சோதனையில் வரலாற்றறிஞர் தனித்து 25 விழுக்காடும், கருவி தனித்து 62 விழுக்காடும், கருவியின் துணைகொண்ட அறிஞர் 72 விழுக்காடும் சரியான பாடம் கண்டனர். இவற்றுள் மூன்றாம் எண்ணே கருதத்தக்கது. கருவி ஒரே விடையோடு நில்லாமல், பொருந்தக்கூடிய பல பாடங்களை நிகழ்தகவு வரிசையில் அளிக்கிறது. அறிஞர் மொழியறிவும் வரலாற்றறிவும் கொண்டு அவற்றுள் தேர்கிறார். தமக்குத் தோன்றாத பாடம் கண்முன் வருதலும், அதனை ஏற்கவோ மறுக்கவோ காரணம் தேடுதலுமே இங்குச் சிந்தனையின் விரிவாகும்.

ஏதென்சு அரசாணைகள் சில, எழுத்துவடிவை அடிப்படையாகக் கொண்டு கி.மு. 446/445க்கு முற்பட்டவை எனக் கருதப்பட்டன. பின்னர் அறிஞர் சிலர் அதனை ஐயுற்றனர். இதாக்கா அவற்றுக்குக் கணித்த சராசரி ஆண்டு கி.மு. 421. விவாதத்தைத் தொடங்கியவர் மனிதர். கருவி ஒரு தரப்புக்கு வலுச்சேர்த்தது.

எல்லைகள்

சோதனையில் இடம்பெற்ற இடைவெளிகள் செயற்கையாக மறைக்கப்பட்டவை. விடை முன்னரே அறியப்பட்டது. மெய்யான சிதைவில் ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இல்லை. மேலும், நிகழ்தகவு மிகுதியாக வழங்கும் தொடரின் பக்கமே சாயும். வாய்பாட்டுத் தொடர்கள் நிறைந்த அரசாணைகளில் அது வலிமை. செய்யுளில் அதுவே குறையாகலாம்.

இதாக்கா ஏறத்தாழ 78,000 கல்வெட்டுகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. சங்கப் பாடல்களோ 2381. அவற்றுள் ஒரே இடத்தில் மட்டும் வழங்கும் அருஞ்சொற்கள் உண்டு. புறநானூற்றில் அடிசிதைந்த பாடல்களும் உள்ளன; 267, 268ஆம் பாடல்கள் முற்றிலும் கிடைக்கவில்லை. இத்தகைய இடங்களில் கருவி தரும் பாடம் இயல்பாகத் தோன்றுவதே ஐயத்திற்குரியது. புலவர் ஆண்ட அரிய சொல் இருந்த இடத்தில் பொதுச்சொல் அமர்ந்துவிடக்கூடும். அது குறியீடின்றி அச்சேறினால், பின்வரும் ஆய்வாளரும் கருவிகளும் அதனையே மூலமாகக் கொள்வர்.

முடிவுரை

ஊகங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதில் கருவி மனித அறிவை விரிக்கிறது. ஊகத்தைப் பாடமாக ஏற்கும் பொறுப்பு பதிப்பாசிரியருடையது. எனவே, கருவிவழிப் பெற்ற பாடங்களைத் தனிக்குறியீட்டால் வேறுபடுத்துவதும், மாற்றுப் பாடங்களை அடிக்குறிப்பில் தருவதும், விடுபட்ட இடத்தை விடுபட்டதாகவே காட்டுவதும் தமிழ்ப் பதிப்புகளுக்கு இன்றியமையாதனவாகும்.