டேலி ஆகிற தப்புகள்

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒரே தொகை வந்திருக்கிறது, அவ்வளவுதான். ராமசாமி கொடுத்த 5,000 ரூபாயை கிருஷ்ணசாமி கணக்கில் வரவு வைத்திருந்தாலும் டேலி ஆகும். ஆபீசுக்கு வாங்கின மேஜை நாற்காலியை ரிப்பேர் செலவு என்று எழுதியிருந்தாலும் டேலி ஆகும். ஒரு பில்லை இரண்டு பக்கமும் எழுதாமலே விட்டிருந்தால் ரொம்ப ஜோராக டேலி ஆகும். 'ட்ரயல் பேலன்ஸ் காட்டிக் கொடுக்காத தவறுகள் யாவை?' என்பது பி.காம். முதல் வருஷப் பாடம்.

இந்த வாரம் உங்களோடு பேசப்போவது கணக்கு பற்றி இல்லை. ஸ்பெல்லிங் பற்றி. அதுவும் உயிர் போகிற ஸ்பெல்லிங்.

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஞாபகம் இருக்கிறதா? 2000-ஐ ஒட்டின வருஷங்களில் சென்னையில் தடுக்கி விழுந்தால் அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது. 'எந்த டிகிரியானாலும் சரி, இங்கிலீஷ் தெரிந்தால் போதும்' என்று போர்டு வைத்திருப்பார்கள். விஷயம் இதுதான். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன பார்த்தேன், என்ன கொடுத்தேன் என்பதை போனிலோ ரெக்கார்டரிலோ கடகடவென்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்கு ராத்திரி, நமக்குப் பகல். அந்தக் குரல் கடல் தாண்டி இங்கே வரும். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும். ஒரு பெண்ணோ பையனோ உட்கார்ந்து கேட்டுக் கேட்டு டைப் அடிப்பார்கள். டாக்டர் சாண்ட்விச் மென்றுகொண்டே பேசுவார். பின்னால் ஆம்புலன்ஸ் அலறும். அவர் கொரியாவிலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ, ஏன், நம்ம குண்டூரிலிருந்தோ போனவராக இருந்தால் உச்சரிப்பு வேறு தினுசு. கூலி, வரிக்கு இத்தனை காசு என்று. ஒரு வரி என்பது பொதுவாக இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து.

அடித்து முடித்ததும் ஸ்பெல் செக்கரை ஓட்டுவார்கள். வேர்டில் வருகிற சாதாரணச் சரக்கு இல்லை. ஸ்டெட்மன் மாதிரியான கனமான மருத்துவ அகராதியின் சொற்களை உள்ளே அடைத்தது. நிமோனியாவுக்கு முன்னால் ஓசையில்லாமல் ஒரு 'பி' உட்கார்ந்திருக்கிறதே, அதை மறந்தால் உடனே சிவப்புக் கோடு நெளியும்.

நல்ல கருவிதான். ஆனால் அதற்குப் பதில் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்று. 'இப்படி ஒரு சொல் அகராதியில் இருக்கிறதா?' நோயாளிக்கு வேண்டியது வேறு கேள்வி. 'டாக்டர் சொன்ன சொல் இதுதானா?' இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆட்கள் அதில்தான் விழுகிறார்கள்.

தமிழில் யோசித்துப் பாருங்கள். வலி, வழி, வளி. மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்கள். 'வயிற்று வலி' என்பதை 'வயிற்று வழி' என்று அடித்தாலும் அகராதி மாலை போட்டு வரவேற்கும். 1992-ல் ஜெரால்ட் ஜார் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஸ்பெல் செக்கரைக் கிண்டல் பண்ணி ஒரு கவிதையே எழுதினார். அதில் பாதிக்கு மேல் தப்பான சொற்கள். ஆனால் ஒன்றில்கூட ஸ்பெல்லிங் தப்பு கிடையாது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் சிரிக்க முடியாது. 'இலியம்' என்று ஒரே உச்சரிப்பில் இரண்டு ஆங்கிலச் சொல் உண்டு. நடுவில் 'ஈ' போட்டால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. 'ஐ' போட்டால் இடுப்பெலும்பு. டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்குவதில் சிரமம், டிஸ்ஃபேசியா என்றால் பேசுவதில் சிரமம். ஹைப்பர் என்றால் ஜாஸ்தி, ஹைப்போ என்றால் கம்மி. வாயில் சாண்ட்விச் இருந்தால் இரண்டும் ஒன்று. கையை உடம்பிலிருந்து விலக்குவது அப்டக்‌ஷன், உடம்போடு சேர்ப்பது அடக்‌ஷன். விவரமான டாக்டர்கள் 'ஏ, பி, டக்‌ஷன்', 'ஏ, டி, டக்‌ஷன்' என்று எழுத்துக் கூட்டிச் சொல்லிவிடுவார்கள். விவரமில்லாதவர்களும் டாக்டர்களாக இருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஏஃபெப்ரைல். சேர்த்து எழுதினால் ஜுரம் இல்லை. முதல் 'ஏ'யைப் பிரித்துத் தனியாக எழுதினால் ஜுரம் இருக்கிறது. ஸ்பேஸ்பாரில் கட்டைவிரல் ஒரு தட்டு தட்டினால் போதும், நோயாளிக்கு ஜுரம் வந்துவிடும்.

மருந்துப் பெயர்களுக்கு வந்தால் இன்னும் விசேஷம். செலிபிரெக்ஸ் மூட்டு வலிக்கு. செலெக்ஸா மனச்சோர்வுக்கு. செரிபிக்ஸ் வலிப்புக்கு. வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அமெரிக்காவில் லோசெக் என்ற வயிற்றுப்புண் மருந்தை, நீர் பிரிய வைக்கிற லேசிக்ஸோடு குழப்பிக்கொண்டார்கள். 1990-ல் அதன் பெயரையே ப்ரைலோசெக் என்று மாற்ற வேண்டிவந்தது. 2016-ல் பிரின்டெலிக்ஸ் என்ற மனச்சோர்வு மருந்தும் அதே கதை. ரத்தம் உறையாமல் தடுக்கிற பிரிலின்டாவோடு குழம்பியதால் டிரின்டெலிக்ஸ் ஆயிற்று. இரண்டு இடத்திலும் யாரும் ஸ்பெல்லிங்கைத் திருத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்பெல்லிங் சரியாக இருந்ததுதான் பிரச்னை!

எண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஸ்பெல் செக்கர் எண்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 2008-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு சர்க்கரை நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியை டாக்டர் வாயால் சொன்னார். லெவமிர் என்ற இன்சுலின் 8 யூனிட். டைப் அடிக்கிற வேலை கம்பெனி மேல் கம்பெனியாகக் கைமாறி இந்தியாவுக்கு வந்தது. திரும்பிப் போன காகிதத்தில் 80 யூனிட் என்று இருந்தது. அடுத்துப் போய்ச் சேர்ந்த மறுவாழ்வு மையத்தில் அந்த 80-ஐ நம்பி ஊசி போட்டார்கள். அந்தப் பெண்மணி பிழைக்கவில்லை. 2012 டிசம்பரில் ஜூரிகள் அந்தக் குடும்பத்துக்கு 14 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள். 80 என்பதில் என்ன ஸ்பெல்லிங் தப்பு இருக்கிறது? ஒன்றும் இல்லை. டேலி.

இதெல்லாம் தெரிந்தவர்கள் சில தடுப்புகளைப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தருகிற ஜாயின்ட் கமிஷன் 2004-ல் 'எழுதக்கூடாதவை' என்று ஒரு பட்டியலே போட்டது. யூனிட் என்பதை 'யு' என்று ஒற்றை எழுத்தில் எழுதாதே, பூஜ்யம் மாதிரித் தெரியும். புள்ளி ஐந்தை 0.5 என்று எழுது, முன்னால் பூஜ்யம் இல்லாவிட்டால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். 5-ஐ 5.0 என்று எழுதாதே, 50 ஆகிவிடும். எளிமையான, பாட்டி வைத்திய விதிகள். எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். அனுபவப்பட்ட ஆள் வேண்டும்.

இப்போது என் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அது கருவியின் மேல் இல்லை. கருவி டிக் அடித்துவிட்டது என்பதையே தரம் என்று நம்புகிற ஏற்பாட்டின் மேல்.

இந்தத் தொழிலில் நூற்றுக்கு 98 சரியாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. நம்ம வீட்டுப் பிள்ளை 98 வாங்கினால் தெருவுக்கே மைசூர்பாகு கொடுப்போம். ஆனால் அந்த மிச்சம் 2 எங்கே விழுந்தது என்பதல்லவா கேள்வி? ஒரு காற்புள்ளி காணாமல் போவதும், ஒரு 8 என்பது 80 ஆவதும் ஒன்றா? உயிராபத்துத் தப்புக்கு அதிக மார்க் குறைக்கிற முறையும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்க் போடுகிறவரும் முழுக் குரலையும் கேட்டால்தானே தப்பு தெரியும்? அச்சடித்த பக்கத்தை மட்டும் பார்த்தால் அது லட்சணமாகத்தான் இருக்கும்.

டிரான்ஸ்கிரிப்ஷனில் ஒரு அருமையான மரபு உண்டு. காதில் விழவில்லையா? சந்தேகமா? யூகிக்காதே. கோடு போட்டுக் காலியாக விடு. குரல் எந்த நிமிஷம் எந்த விநாடியில் புரியவில்லை என்று குறித்து மேலே அனுப்பு. எடிட்டர் கேட்பார். அவருக்கும் புரியாவிட்டால் கோடிட்ட இடம் அப்படியே டாக்டரிடம் போகும். சொன்னவரே நிரப்பட்டும். கணக்கில் இதற்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று பெயர். வித்தியாசம் எங்கே என்று தெரியவில்லை, ஆனால் வித்தியாசம் இருக்கிறது என்று பகிரங்கமாக எழுதி வைப்பது. கௌரவமான காரியம்.

ஆனால் கூலி வரிக்கு அல்லவா? ஒரே ஒரு சொல்லைப் பிடிக்க இருபது நிமிஷம் பெடலை மிதித்து மிதித்துக் கேட்டாலும் காசு அந்தப் பத்து எழுத்துக்குத்தான். காலியாக விட்டால் அதுவும் இல்லை. கோடிட்ட இடம் நிறைய இருந்தால் எடிட்டர் முகம் சுளிப்பார். யூகித்து, அகராதியில் இருக்கிற ஏதாவது ஒரு சொல்லை அடித்துவிட்டால்? சிவப்புக் கோடு வராது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். நேர்மைக்கு நஷ்டம், யூகத்துக்கு லாபம் என்று கூலியை அமைத்துவிட்டு, வேலை செய்கிறவர் காதைக் குறை சொன்னால் எப்படி?

'அதெல்லாம் பழைய கதை ஸார், இப்போது கம்ப்யூட்டரே கேட்டு எழுதிவிடுகிறது' என்பீர்கள். எழுதுகிறதுதான். 2018-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகை ஒன்றில் ஒரு ஆய்வு வந்தது. டாக்டர்கள் பேசியதை மெஷின் எழுதிய 217 குறிப்புகளைப் பிரித்து மேய்ந்திருந்தார்கள். மெஷின் எழுதினபடியே பார்த்தால் 100 சொல்லுக்கு 7.4 தப்பு. அதையே பயிற்சி பெற்ற ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன்காரர் படித்துத் திருத்தியதும் 0.4. டாக்டரும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு 0.3. அந்த ஏழு எங்கே போச்சு? நடுவில் உட்கார்ந்திருந்த, வரிக்குக் காசு வாங்குகிற அந்த மனுஷியோ மனுஷனோ சாப்பிட்டுவிட்டார்கள். செலவு மிச்சம் என்று முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களும் அவர்களேதான்.

இதைவிட ஒரு படி மேலே போயிற்று புது மெஷின். ஓப்பன்ஏஐ கம்பெனி 2022-ல் விஸ்பர் என்று ஒன்றை வெளியிட்டது. ஆராய்ச்சியாளர்கள் 2024-ல் அதைச் சோதித்து எழுதினார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு ஒலித்துண்டில், பேசினவர் சொல்லவே சொல்லாத முழுச் சொற்றொடர்களை, வாக்கியங்களை அது தானாகச் சேர்த்திருந்தது. எங்கே சேர்க்கிறது தெரியுமா? பேசுகிறவர் அதிக நேரம் மௌனமாக இருந்த பதிவுகளில்தான் இது அதிகம். பக்கவாதம் போன்ற காரணங்களால் பேச்சு தடைப்பட்டு, சொல்லுக்குச் சொல் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவர்களுக்குத்தான் அதிகம் நடந்தது. இல்லாத ஒரு ஆன்டிபயாடிக்கின் பெயரையே அது உண்டாக்கி எழுதியதாக அதே வருஷம் செய்தி வந்தது.

பழைய ஆள் சந்தேகம் வந்தால் கோடு போட்டார். புது மெஷினுக்கு மௌனத்தைத் தாங்க முடியவில்லை. எதையாவது எழுதி நிரப்பிவிடுகிறது. அதுவும் இலக்கணப் பிழை இல்லாமல், ஸ்பெல்லிங் சுத்தமாக, கையெழுத்துப் போடத் தயாராக. தப்பும் தவறுமாக எழுதினால் நமக்குச் சந்தேகமாவது வரும். அழகாக எழுதினால் நம்பிவிடுகிறோம். எனக்குப் பயமாக இருப்பது அந்த அழகுதான்.

இதில் நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்ம ஊரில் டாக்டர்கள் மருந்துச்சீட்டைப் புரிகிற மாதிரி, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவ கவுன்சில் 2016-ல் விதியே கொண்டுவந்தது. இப்போது பல ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டரே அச்சடித்துக் கொடுக்கிறது. கோழிக் கிறுக்கலாக இருந்தவரை மெடிக்கல் ஷாப்காரர் சந்தேகப்பட்டு டாக்டருக்கு போன் போட்டார். பளிச்சென்ற அச்சை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அதனால் நீங்கள்தான் சந்தேகப்பட வேண்டும். அடுத்த முறை வீட்டில் யாரையாவது டிஸ்சார்ஜ் பண்ணும்போது, பில்லைச் சரிபார்க்கிற அதே கறாரோடு சம்மரியையும் வார்டிலேயே உட்கார்ந்து படியுங்கள். பெயர், வயசு சரியா? ஆபரேஷன் பண்ணினது வலது காலா, இடது காலா? ஒவ்வாத மருந்து என்று நீங்கள் சொன்னது ஏறியிருக்கிறதா? அரை மாத்திரையா, ஆறு மாத்திரையா? ஒவ்வொரு எண்ணையும் நர்ஸிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். 15 என்றால் ஒன்று, ஐந்து என்று தனித்தனியாக. புரியாத சொல் இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். ஸ்பெல்லிங்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது சரியாகத்தான் இருக்கும்.

எங்காவது ஒரு இடத்தில் கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தால் மட்டும் தயவுசெய்து ஆஸ்பத்திரியைத் திட்டாதீர்கள். முகம் தெரியாத யாரோ ஒருவர் உங்களுக்காக யூகிக்க மறுத்திருக்கிறார். டாக்டரைக் கேட்டு அதை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.