முதலாளி இல்லாத அப்பளம்

மும்பை கிர்காவில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில், 1959 மார்ச் 15ஆம் தேதி, ஏழு பெண்கள் உட்கார்ந்து அப்பளம் இட்டார்கள். முதலீடு 80 ரூபாய், அதுவும் கடன். அன்று தேறியது நான்கு பாக்கெட். அப்படித் தொடங்கிய லிஜ்ஜத் அமைப்பில் இன்று இருக்கும் பெண்கள் சுமார் 45,000 பேர். இந்தக் கதையைப் பெண்களின் மன உறுதிக்குச் சான்றாகச் சொல்லிச் சொல்லி, அதைவிட அரிய ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். முதலாளியே இல்லாத ஒரு நிறுவனம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உடையாமல் நிற்பது எப்படி?

அப்பளம் இடும் ஒவ்வொருவரும் உறுப்பினர். உறுப்பினர் எல்லோரும் உரிமையாளர். லாபமும் நட்டமும் சமமாகப் பிரியும். மூத்தவர், புதியவர், பொறுப்பில் இருப்பவர் என்று அந்தப் பங்கில் வேறுபாடு கிடையாது. முடிவுகள் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும். ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தாலும் தீர்மானம் நின்றுவிடும். 21 பேர் கொண்ட நிர்வாகக் குழுவும், கிளையை நடத்தும் சஞ்சாலிகாவும் உறுப்பினர்களிலிருந்தே வருகிறார்கள். வெளியிலிருந்து ஒரு மேனேஜரைக் கொண்டுவந்து தலைக்கு மேல் உட்கார வைப்பதில்லை.

இந்த விதிகளை மட்டும் படித்தால் அழகான கனவு போலத்தான் தோன்றும். அது நடைமுறையில் ஓடுவதற்கான காரணம் கிளையின் காலை நேரத்தில் இருக்கிறது. மாவு அங்கேயே பிசைந்து தயாராக இருக்கும். முந்தின நாள் வீட்டில் இட்டுக் காயவைத்த அப்பளங்களை உறுப்பினர் கொண்டுவந்து கொடுப்பார். எடை பார்ப்பார்கள், பருமனும் வட்டமும் காய்ந்த பதமும் சரியா என்று சோதிப்பார்கள். தேறியதற்கான கூலி அன்றே கைக்கு வந்துவிடும். அடுத்த மாவை எடைபோட்டு வாங்கிக்கொண்டு அவர் வீடு திரும்புவார். அந்த வீட்டில் சுத்தம் உண்டா, காயவைக்க இடம் உண்டா என்பதையும் முதலிலேயே பார்த்திருப்பார்கள்.

சோதிப்பவர்கள் நம்பாதவர்கள் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. லிஜ்ஜத்தைப் பார்த்தால் அது சரியாகப் படவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல், எல்லோர் கண்முன்னும் சோதனை, அன்றைய காசு அன்றைக்கே என்று இருக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சிக்கே தேவை எழுவதில்லை. பல அலுவலகங்களில் நம்பிக்கை கெட்டுப்போவது துரோகத்தால் என்பதைவிட, கணக்கு தெரியாததால்தான். பக்கத்து மேசைக்காரருக்கு எவ்வளவு சம்பளம், பதவி உயர்வு எதை வைத்து என்று யாருக்கும் தெரியாத இடத்தில், சுற்றுலா கூட்டிப்போனாலும் சந்தேகம் போகாது.

தொடக்கத்தில் அந்த 80 ரூபாயைக் கடன் கொடுத்த சகன்லால் கரம்சி பரேக்குக்கு இந்த ஒழுங்கில் பெரிய பங்கு உண்டு. உயர்ந்தது ஒன்று, மலிவானது ஒன்று என இரண்டு தரமாக அப்பளம் போட முனைந்தபோது, ஒரே தரம் போதும், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்று அறிவுறுத்தியவர் அவர். தரம் ஒன்றாக இருந்ததால்தான் அப்பளம் தேறியதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை எந்தக் கிளைக்கும் கொடுக்க முடிந்தது. ஆனால் மூலப்பொருளை மையத்தில் வாங்கித்தான் கிளைகளுக்கு அனுப்புகிறார்கள். ஒரே ருசி வேண்டுமென்றால் உளுந்தையும் பெருங்காயத்தையும் கிளைக்குக் கிளை வாக்கெடுத்து வாங்க முடியாது. எதைப் பகிர்வது, எதைப் பகிரக் கூடாது என்ற இந்தத் தெளிவை லிஜ்ஜத்தின் பெரிய பலமாக நினைக்கிறேன். அகர்பத்தி, தீப்பெட்டி என்று சில தொழில்களில் இறங்கி, சரிவராமல் விட்டார்கள். நட்டம் எல்லோர் பங்கிலும் விழும்போது, தோற்ற யோசனையைக் கட்டிக்கொண்டு அழ யாருக்கும் மனம் வராது.

இனி குறைகள். ஏழு பேர் மாடியில் உட்கார்ந்திருந்தபோது ஒருமனம் என்பது உண்மையான ஒருமனம். 45,000 பேரில் மறுப்புரிமை என்பது பெரும்பாலும் ஏட்டில் இருக்கும் உரிமை. மறுநாள் அதே சஞ்சாலிகா முன்னால்தான் அப்பளத்தைச் சோதனைக்கு வைக்க வேண்டும் என்றால், கூட்டத்தில் எழுந்து முடியாது என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? மௌனத்தையும் சம்மதத்தையும் பிரித்துக் காட்ட ஒருமன விதியிடம் வழியில்லை. ரகசிய வாக்கெடுப்பு அவ்வளவு கனிவானதாகத் தோன்றாது. ஆனால் பயந்தவருக்கு அதுதான் பாதுகாப்பு.

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ‘பென்’, அதாவது சகோதரி என்றே அழைக்கிறார்கள். அந்த அழைப்பில் மரியாதையும் அன்பும் இருக்கின்றன. ஆனாலும் சகோதரியிடம் கூலி பேசுவது முதலாளியிடம் பேசுவதைவிடக் கடினம். குறையைச் சொன்னால் வீட்டுக்குத் துரோகம் செய்தது போலாகிவிடும். லிஜ்ஜத்தில் லாபத்தில் பங்கு உண்டு என்பதால் அந்த உறவுக்கு ஓர் ஆதாரமாவது இருக்கிறது. நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று ஊழியர்களை ராத்திரி பத்து மணி வரை உட்கார வைக்கும் கம்பெனிகளில் அதுவும் இல்லை. ஆட்குறைப்பு வரும்போது அந்தக் குடும்பம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வீட்டுக்குள் நடக்கும் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொண்டே சம்பாதிக்க முடிவதால்தான் பல பெண்களால் இதில் சேரவே முடிந்தது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இட்ட அளவுக்குத்தான் கூலி. குனிந்து தேய்த்துத் தேய்த்து முதுகு பிடித்துக்கொண்ட நாளில் மாவு வாங்க முடியாது, கூலியும் வராது. மழைக்காலமும் அப்படித்தான். முதல் ஆண்டு மழையில் நான்கு மாதம் தொழிலையே நிறுத்த வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டிலில் பரப்பி அடியில் அனல் மூட்டிக் காயவைத்தார்கள். அன்று அந்தச் செலவு பொதுக் கணக்கில் போனது. வேலை வீடுகளுக்குப் பிரிந்தபின் அன்றாட இழப்பில் பெரும்பகுதி தனித்தனி வீட்டின் தலையில் விழுகிறது. ஆண்டு இறுதியில் நட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் அமைப்பு, உடம்பு முடியாத நாளின் நட்டத்தை மட்டும் அவரவரிடம் விட்டுவிடுவது முரண்தான்.

பங்கு பிரிப்பதற்கு முன்பாக லாபத்தில் ஒரு பகுதியை நோய் நாளுக்கும் மழை நாளுக்குமான கூலியாக ஒதுக்கலாம். இதற்கு எந்த முதலாளியின் அனுமதியும் வேண்டாம். பெண்களே உரிமையாளர்கள், கூட்டத்தில் யாராவது ஒருவர் அதை எடுத்து வைக்க வேண்டும்.