பந்து போடுகிறவனுக்கும் காஜி உண்டு

ஆட்டத்தின் நடுவில் ஒருவருக்குப் பதில் இன்னொருவரை இறக்க இடம் தரும் இம்பாக்ட் பிளேயர் விதியை ரவிச்சந்திரன் அஸ்வின் ஆதரித்துப் பேசியது 2024 ஆகஸ்டில். அதற்கு நான்கு மாதம் முன்னால் ரோஹித் சர்மா அந்த விதியைக் குறை சொல்லியிருந்தார். ஆல்ரவுண்டர்கள் வளர வழியில்லாமல் போகிறது, வாஷிங்டன் சுந்தருக்கும் சிவம் துபேவுக்கும் பந்து வீசவே வாய்ப்பு வருவதில்லை என்பது அவர் கவலை. அஸ்வின் மறுத்தார். விதியால் ஆட்டத்தில் உத்தி கூடுகிறது, ஆல்ரவுண்டராக வளர நினைப்பவரை யாரும் தடுக்கவில்லை என்றார். கிரிக்கெட் வாரியமும் ஐ.பி.எல்.லில் அந்த விதியை 2027 வரை நீட்டித்துவிட்டது. விவாதம் அத்தோடு முடிந்ததாக மற்றவர்கள் நினைக்கலாம். எனக்கு முடியவில்லை. தொலைக்காட்சியில் வருவது தொலைக்காட்சியோடு நிற்பதில்லை. அது கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வந்து, மே மாதப் போட்டிகளின் விதித்தாளில் ஒரு வரியாக உட்கார்ந்துகொள்கிறது.

"ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர். பந்து வீசுபவர் ஒருவர் பேட் செய்யத் தேவையில்லை. அவர் இடத்தில் பன்னிரண்டாமவர் பேட் செய்யலாம்." பதினாறு வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்றில் இந்த வரியைப் படித்தேன். குறிஞ்சிப்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்த பையன் 3 ஆட்டங்களில் 9 விக்கெட் எடுத்தான். மூன்றிலும் அவன் பேடு கட்டவே இல்லை. "நமக்கு காஜி கிடையாதா சார்?" என்று அவன் கேட்டது என் காதில் விழுந்தது. காஜி என்றால் மட்டை பிடிக்கும் முறை. "நீ பவுலர்டா. உனக்கெதுக்கு பேடு? தண்ணி குடிச்சிட்டு நிழல்ல உக்காரு" என்றார் பயிற்சியாளர், அன்பாகத்தான்.

அந்த அன்பின் மேல்தான் எனக்கு வழக்கு.

விதியின் நல்ல பக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. பதினோரு பேர் ஆடும் இடத்தில் பன்னிரண்டாவது பிள்ளைக்கும் ஓர் ஆட்டம் கிடைக்கிறது. சித்திரை வெயிலில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பத்து ஓவர் வீசி முடித்த பையனை உடனே மட்டையோடு அனுப்புவது கொடுமையாகத் தெரியலாம். விரலில் பந்து பட்டுவிட்டால் நாளைக்கு வீச ஆள் இல்லை என்ற பயமும் நியாயமானது. துருவ் ஜுரெல் 2023இல் குவாஹாட்டியில் இம்பாக்ட் வீரராக இறங்கி 15 பந்தில் 32 ரன் அடித்தார். அடுத்த ஆண்டே டெஸ்ட் ஆடினார். இதெல்லாம் உண்மை.

இந்த யோசனை கிரிக்கெட்டில் பிறந்ததும் இல்லை. அமெரிக்க பேஸ்பாலில் பந்து எறியும் பிட்சருக்குப் பதில் வேறொருவர் பேட் செய்யும் முறையை ஒரு லீக் 1973இலேயே ஏற்றுக்கொண்டது. அரை நூற்றாண்டு பிடிவாதமாக நின்ற மற்ற லீக்கும் 2022இல் இறங்கி வந்தது. நம் பள்ளிப் பெண்கள் ஆடும் சாஃப்ட்பாலிலும் பிட்சரைக் களத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அவர் பேட்டிங்கை இன்னொருவரிடம் கொடுக்க விதி இடம் தருகிறது. ஜப்பானியப் பள்ளி பேஸ்பாலும் 2026 முதல் இந்த வழிக்கு வந்துவிட்டது. 'உலகமே இப்படிப் போகிறது, உனக்கு மட்டும் என்ன?' என்று கேட்பவர்கள் காட்டும் பட்டியல் இது.

அந்தப் பட்டியலின் நடுவில் பிட்சரின் தோள் இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் சாஃப்ட்பாலில் ஜப்பானின் யூகிகோ உவேனோ இரண்டே நாளில் 413 பந்து எறிந்து தங்கம் வாங்கிக் கொடுத்தார். அப்படி ஒரு பாரத்தைப் பதினான்கு வயதுப் பெண்ணின் தோளில் யாரும் ஏற்றக்கூடாது. ஆனால் அந்தக் களைப்பு எறிவதால் வருவது. பிள்ளையின் தோள்மேல் கவலை இருந்தால் எறியும் பந்தைக் குறையுங்கள். ஓவருக்கு வரம்பு வையுங்கள். ஒரே நாளில் மூன்று ஆட்டம் வைக்காதீர்கள். எங்கள் பக்கத்துக் கோடைப் போட்டிகளில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் அரையிறுதி என்று நடத்துகிறார்கள். மூன்றிலும் அதே பையன்தான் முதல் ஓவர் போடுகிறான். அதைத் தொடாமல் அவன் கையிலிருந்து மட்டையை மட்டும் வாங்கிக்கொள்வதற்கு ஓய்வு என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

இனி என் பழைய மனக்குறைக்கு வருகிறேன். பதினான்கு வயதில் ஒரு பிள்ளை பவுலர் என்று யார் தீர்மானித்தது? எதை வைத்துத் தீர்மானித்தார்கள்?

அஸ்வினையே எடுத்துக்கொள்வோம். மேற்கு மாம்பலத்துத் தெருவில் ஆடி வளர்ந்த அவர் சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர். பதின்ம வயதில் இடுப்புப் பகுதியில் பட்ட காயம் அவரை மாதக்கணக்கில் படுக்கவைத்தது. திரும்பி வந்தபோது தொடக்க இடம் போயிருந்தது. ஆஃப் ஸ்பின் பக்கம் திரும்பினார். கடைசியில் 537 டெஸ்ட் விக்கெட், 6 டெஸ்ட் சதம். வருண் சக்கரவர்த்தி பதினேழு வயது வரை விக்கெட் கீப்பர், பேட்ஸ்மன். ஆட்டத்தை விட்டுவிட்டுக் கட்டடக்கலை படித்து, வேலையும் பார்த்து, பிறகு வேகப்பந்து வீசத் திரும்பி வந்து, முழங்கால் காயத்தால் சுழலுக்கு மாறினார். வாஷிங்டன் சுந்தர் 2016இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போனபோது முக்கியமாக பேட்ஸ்மன். அடுத்த ஆண்டு ஐ.பி.எல். அவரைப் பந்துவீச்சாளராக்கியது. தமிழ்நாடு தந்த மூன்று சுழல் பந்துவீச்சாளர்கள். மூவரும் பிள்ளைப் பருவத்தில் வேறு ஏதோவாக இருந்தவர்கள். இவர்களுடைய பதினான்காவது வயதில் ஒரு பயிற்சியாளர் "நீ இதுதான்" என்று முத்திரை குத்தி, மற்றதைப் பிடுங்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூவருமே பேட்டிங் பக்கமிருந்து வந்தவர்கள் என்று யாராவது குறுக்கிடலாம். ஆமாம். பந்து போடுகிற பக்கமிருந்து மட்டைக்குப் போயிருக்கக்கூடிய பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களுக்குத்தான் காஜி கொடுக்கவில்லையே.

அஸ்வினின் 'யாரும் தடுக்கவில்லை' என்ற வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது. ஐ.பி.எல். ஆடும் வயதில், சம்பளமும் தனிப் பயிற்சியாளரும் உள்ளவரைப் பொறுத்து அது சரியாக இருக்கலாம். இங்கே நெட்ஸ் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முப்பது பிள்ளைக்கு இரண்டு நெட். சனி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம். ஆட்டத்தில் பேட் செய்யப் போகிறவர்களுக்கு முதலில் மட்டை. மற்றவர்கள் அவர்களுக்குப் பந்து போட வேண்டும். முன்பெல்லாம் பத்தாவது, பதினோராவது ஆளுக்கும் கடைசியில் ஒரு பத்துப் பந்தாவது கிடைத்தது. ஆட்டத்தில் ஒருவேளை கடைசி ஓவரில் அவன் நிற்க வேண்டி வரலாம் என்று பயிற்சியாளருக்கும் பயம் இருந்தது. இந்த விதி அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது. ஒருவரும் வாய்திறந்து 'உனக்கு பேட்டிங் இல்லை' என்று சொல்வதில்லை. நேரம் முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு வருடம் இப்படிப் போனால் அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே பேட்டிங் வராது. 'பார்த்தீங்களா, இவன் பவுலர்தான்' என்று அதையே சாட்சியாகக் காட்டுவார்கள்.

யார் கையில் பந்தைக் கொடுக்கிறோம் என்பதையும் பேசியாக வேண்டும். பந்து பொதுச் சொத்து. மட்டை அப்படி இல்லை. நாங்கள் வடலூரில் ஆடிய காலத்திலேயே பேட் யாருடையதோ அவனுக்குத்தான் முதல் காஜி. ஓனர் காஜி என்று அதற்குப் பெயரே உண்டு. இன்றைக்கு நல்ல மட்டை ஒன்று பதினைந்தாயிரம், இருபதாயிரம். பேடு, க்ளவுஸ், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்த கிட் பையோடு அப்பாவின் காரில் வந்து இறங்குகிற பிள்ளையைப் பார்த்ததும் பயிற்சியாளர் பேட்டிங் வரிசையில் நிறுத்துகிறார். பஸ் பிடித்து வெறுங்கையோடு வருகிற உயரமான பிள்ளையிடம் பந்தைக் கொடுத்து ஓடிவரச் சொல்கிறார். அவர்மேல் கெட்ட எண்ணம் எதையும் நான் சுமத்தவில்லை. கையில் இருப்பதைக் கொண்டு ஆளைப் பிரிக்கிறார். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டே இந்திய அணிவரைக்கும் போனார் என்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். நானும் சொல்கிறேன். அவரைப் போன்ற வீட்டிலிருந்து ஒரு தொடக்க பேட்ஸ்மன் ஏன் அவ்வளவு எளிதில் வருவதில்லை என்று சேர்த்துக் கேட்கிறோமா?

பதினோரு பேரும் பேட்டிங் வரிசையில் இருந்தாக வேண்டும் என்ற பழைய விதி, நினைத்தோ நினைக்காமலோ, இந்தப் பிரிவினையில் ஓர் ஓட்டையை வைத்திருந்தது. கிட் இல்லாத பையனும் மட்டையோடு இறங்க வேண்டி வரலாம்; அதனால் அணி அவனுக்கு ஒரு ஹெல்மெட்டைக் கடன் கொடுத்தாக வேண்டும். அந்தக் கடன் ஹெல்மெட்டில் பன்னிரண்டு ரன் அடித்து, மறுவாரம் ஏழாவது இடத்துக்கு ஏறிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். புதிய விதி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. பன்னிரண்டாவது பிள்ளைக்கு வாய்ப்பு என்கிறார்கள். நான் பார்த்த ஆட்டங்களில் அந்தப் பன்னிரண்டாமவன் கிட் வைத்திருந்தவன்; பேடு கட்டாமல் உட்கார்ந்தவன் கிட் இல்லாதவன். விதிவிலக்காக ஓர் ஆட்டம்கூட என் கண்ணில் படவில்லை.

தெருவில் நாங்கள் வைத்திருந்த சட்டம் இதைவிட நல்ல சட்டம். ஆள் ஒற்றைப்படையில் வந்தால் மிச்சமானவன் காமன். இரண்டு பக்கமும் பேட் செய்வான். ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்ட தம்பிக்கும் கடைசியில் நாலு பந்து உண்டு. 1867இல் மூட்டிய தருமச்சாலை அன்னதான அடுப்பு இன்னும் எரிகிற ஊர் எங்கள் வடலூர். பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலை கிடையாது என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

பந்து போடுகிறவன் மட்டை பிடிப்பதால் அணிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு 2025 ஜூலை மாத லார்ட்ஸ் டெஸ்ட் போதும். இந்தியாவுக்கு 193 இலக்கு, 112 ரன்னில் எட்டு விக்கெட் போய்விட்டது. ஜடேஜாவோடு நின்று பும்ரா 54 பந்து பிடித்தார், சிராஜ் 30 பந்து பிடித்தார். இருவரும் சேர்ந்து எடுத்தது 9 ரன். இந்தியா 22 ரன்னில் தோற்றது. ஆனால் அந்த 84 பந்தையும் பார்த்தவர்கள் கிரிக்கெட்டை இன்னும் அதிகமாக நேசித்திருப்பார்கள். பதினோராவது ஆள் நிற்கும்போது ஆட்டத்தில் வருகிற அந்த மூச்சடைப்பை எந்த மாற்று வீரரும் தர முடியாது. இன்னொன்றும் உண்டு. எதிரே வேகமாக ஓடிவருகிறவனைப் பார்த்து வயிறு கலங்க நின்றவனுக்குத்தான் தன் பந்து எங்கே வலிக்கும் என்று தெரியும். பந்துவீச்சைக் கற்க அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. அவர்களுக்குக் கிடைக்கும் ஆட்டங்களே சொற்பம். சாஃப்ட்பாலிலோ கிரிக்கெட்டிலோ ஒரு பருவத்துக்கு ஆறேழு ஆட்டம் கிடைத்தால் அதிகம். அதிலும் பாதி ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன? 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தீப்தி சர்மா 58 ரன் அடித்தார். பிறகு 39 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். இந்தியா முதன்முறையாக அந்தக் கோப்பையை வாங்கியது. ஒரே பெண்ணின் ஒரே நாள் வேலை அது.

வாரியமும் இதை ஒரு பாதி புரிந்துகொண்டிருக்கிறது. 2022இல் சையது முஷ்டாக் அலி கோப்பையில் தொடங்கிய இந்த விதியை, 2024–25 பருவத்தில் அதே கோப்பையிலிருந்து எடுத்துவிட்டது. வளர்கிற வீரர்கள் ஆடும் உள்நாட்டுப் போட்டியிலிருந்து வாரியம் விலக்கிய ஒன்றைப் பதினாறு வயதுப் பிள்ளைகளின் போட்டியில் நாம் புதிதாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

அஸ்வின் அந்த விதிக்காகப் பேசிய அடுத்த மாதமே, 2024 செப்டம்பரில், சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா 144 ரன்னில் 6 விக்கெட் இழந்து நின்றது. எட்டாவது ஆளாக வந்தவர் அஸ்வின். 113 ரன் அடித்தார். ஜடேஜாவோடு சேர்ந்து 199. பிறகு பந்தைக் கையில் வாங்கி இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்தார். அவர் சொன்னதைவிட அன்று அவர் ஆடியதைத்தான் நான் நம்புகிறேன்.

மாவட்டத்தில் கோடைப் போட்டி நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வருகிற மே மாதத்துக்கு விதித்தாள் அடிக்கும்முன் அந்தப் பன்னிரண்டாம் ஆள் வரியை எடுத்துவிடுங்கள். பன்னிரண்டு பேரைச் சேர்க்க ஆசைப்பட்டால் பன்னிரண்டு பேரையும் பேட் செய்ய விடுங்கள். அணிக்கு இரண்டு பொது ஹெல்மெட் வாங்கி வையுங்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து அந்தப் பையன் மறுபடியும் வருவான்.