வீட்டுக்கு வந்து சொல்லாத அழைப்பு

எங்கட சோனகத் தெருவில் ஒரு கலியாணம் என்றால் கார்ட் அடித்துக் கொடுத்தால் மட்டும் காணாது. வீட்டுக்கு வந்து, கொஞ்ச நேரம் இருந்து, "குடும்பத்தோட வந்துடுங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், "கார்ட் வந்தது, அழைப்பு வரல்ல" என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். சர்வதேச சமகாலக் கலைக் கண்காட்சிகள் கலைஞர்களிடம் ஆக்கம் கோரி விடும் அழைப்புகளை வாசிக்கும்போது எனக்கு இந்தக் குறைதான் ஞாபகம் வருகிறது. நான் ஓவியன் அல்லன். தமிழில் சிறப்புப் பட்டம் பெற்ற ஒரு பாடசாலை ஆசிரியன். ஆனால் ஓர் அழைப்பும் ஒரு பிரதிதான். அதை யார் எழுதுகிறார், யாரை நினைத்து எழுதுகிறார் என்று கேட்கும் உரிமை வாசகனுக்கு உண்டு.

என்னிடம் முன்பு படித்த ஒரு பிள்ளை, அப்படியான அழைப்பொன்றை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முழுவதும் ஆங்கிலம். கலைஞர் கூற்று முந்நூறு சொல்லில் வேண்டும். வாழ்க்கைக் குறிப்பு, பங்குபற்றிய கண்காட்சிகளின் பட்டியல், ஆக்கங்களின் படங்கள் ஒரே கோப்பில் வேண்டும். "சேர், கலைஞர் கூற்று எண்டா என்ன எழுதோணும்?" என்று கேட்டாள்.

அவள் செய்யும் வேலை எளிமையானது. 1990இல் எங்கள் ஆட்கள் விட்டுப்போன வீடுகளில் கூரையில்லாமல் இன்னும் நிற்கும் சுவர்களில் தாளை வைத்து, கரியால் தேய்த்து எடுக்கிறாள். வெடிப்பு, சுண்ணாம்பு உரிந்த இடம், அலுமாரி நின்ற அடையாளம் எல்லாம் தாளில் இறங்கிவிடும். அதைப் பற்றி இரண்டு கூற்றுகள் வைத்திருந்தாள். ஒன்று, தெரிந்த ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது. அதில் நினைவு, இடப்பெயர்வு, அடையாளம், காயம் எல்லாம் இருந்தன, சுவர் இல்லை. மற்றது அவளே கொப்பியில் எழுதியது: "உம்மம்மாட வீட்டுச் சுவர்ல ஆணி அடிச்ச ஓட்டை ஒண்டு இருக்கு. அதுல என்ன மாட்டியிருந்தாங்க எண்டு இப்ப ஒருத்தருக்கும் தெரியா."

இரண்டாவதுதான் கலைஞர் கூற்று. ஆனால் அழைப்பின் மொழி முதலாவதைத்தான் கேட்கிறது என்று அவள் நம்பினாள். "வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பெண் எண்டு போட்டா எடுப்பாங்களாம்" என்றாள். அவள் பிறந்தது புத்தளத்தில், வெளியேற்றத்துக்குப் பிறகு. தான் காணாத ஒரு நாளின் காயத்தை விசா போலக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்ற எண்ணத்தை ஒரு பிள்ளையின் மனதில் ஏற்றியதே அந்தப் பிரதியின் முதல் குற்றம். அழைப்பை எழுதியவர் அதை நினைத்திருக்க மாட்டார். ஆனால் பிரதி தன் வாசகரிடம் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துத்தான் விமர்சனம் பார்க்க வேண்டும்.

பகிரங்க அழைப்பு என்ற முறையையே நான் மறுக்கவில்லை. லண்டன் றோயல் அக்கடமி 1769இலிருந்து வருடா வருடம் நடத்தும் கோடைக் கண்காட்சிக்கு யாரும் ஆக்கம் அனுப்பலாம். அப்படி ஒரு வாசல் இல்லாவிட்டால், தெரிந்த ஆட்கள் தெரிந்த ஆட்களைக் கூப்பிடுவதாகவே கலையுலகம் முடிந்துவிடும். ஆனால் வாசலைத் திறந்து வைப்பதும் அழைப்பதும் ஒன்றல்ல.

அழைப்பது எப்படி என்பதற்கு நாம் தூரம் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த 'அகம் புறம்' கண்காட்சிக்காக, இங்குள்ள வீடுகளிலிருந்து சனங்களின் பொருட்களைச் சேகரித்துக் காட்சிப்படுத்தினார். சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு அந்தத் தலைப்பே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பின்னர் 2011இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு', அதாவது முற்றுப்பெறாத தோம்பு என்ற அவருடைய நூல் வந்தது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வைத்திருந்த காணிப் பதிவேடு. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாங்கள் இழந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்த 80 தரைப்படங்கள், கந்தோர்க் கோப்பு ஒன்றைப் போலக் கட்டிய அந்த நூலில் உண்டு. ஒவ்வொன்றோடும் கட்டடக்கலைஞர் கீறிய படமும் சனாதனனின் ஓவியமும் சேர்ந்திருக்கின்றன.

வரைந்தவர்களிடம் யாரும் முந்நூறு சொல் கேட்கவில்லை. "உங்கட வீட்டைக் கீறிக் காட்டுங்கோ" என்பதுதான் அங்கே அழைப்பு. அதற்குப் பதில் சொல்லப் பட்டமோ ஆங்கிலமோ தேவையில்லை. ஒரு வீடு இருந்திருந்தால் போதும். அந்த நூலைப் பற்றி உம்மாவிடம் சொன்னபோது, அவர் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் முதலில் கிணற்றைப் போட்டார். பிறகு குசினி. முன்வாசலைக் கடைசியாகத்தான் கீறினார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, புலிகள் கொடுத்த இரண்டு மணி நேரத்தில் அந்த வாசலால்தான் நாங்கள் வெளியேறினோம். எனக்கு அப்போது பதினொரு வயது.

நல்ல முயற்சிகள் பிறகும் நடந்திருக்கின்றன. ஷர்மினி பெரேரா தொகுத்த இலங்கைக் கலைக் கண்காட்சி 2018இல் டாக்கா கலை மாநாட்டிலும், 2019 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தின் முதல் கண்காட்சியாகவும் நடந்தது. அதன் பெயரே கவிஞர் சேரனின் கவிதையிலிருந்து எடுத்தது. அந்த அருங்காட்சியகம் மூன்று மொழியிலும் பேசுகிறது. கொழும்பின் 'கொழம்போஸ்கோப்' கலைவிழா 2022இல் தன் தலைப்பாக, மொழி ஒரு புலம்பெயரி என்ற கருத்தை எடுத்தது. புத்தளத்துக்குப் போய்த் திரும்பிய எங்கள் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு ஏது? கண்காட்சிக்குள் இருக்கும் இந்த அக்கறை, கண்காட்சிக்கு விடுக்கும் அழைப்புகளிலும் இருக்க வேண்டும் என்பதே என் வாதம். அழைப்பு தமிழிலும் சிங்களத்திலும் வரட்டும். கூற்றைக் குரலில் பதிந்து அனுப்ப இடம் கொடுக்கட்டும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் புத்தளத்திலும் ஒரு நாள் வந்திருந்து, விளங்காததைச் சொல்லிக் கொடுக்கட்டும். அதுதான் வீட்டுக்கு வந்து சொல்லுறது.

இனி எங்கள் பக்கம். அழைத்தால் போக வேண்டும் என்பது ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று என்று மத்ரஸாவில் படித்தோம். கலை கூப்பிட்டால் மட்டும் நாங்கள் காது கேளாதவர் போல இருந்துவிடுகிறோம். சித்திரப் பாடம் எடுத்த பிள்ளையிடம், "உருவம் கீறுறதா?" என்று ஒரே கேள்வியில் கதையை முடிக்கிறோம். உருவம் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்துகளை நான் இங்கே தீர்க்க வரவில்லை. ஆனால் தரைப்படத்தில் இருப்பது சுவரும் வாசலும் கிணறும். அந்தப் பிள்ளையின் தாளில் இருப்பது ஓர் ஆணி ஓட்டை. இவற்றுக்கு எந்தத் தடையும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீடுகளை நாங்களே கீறாவிட்டால், அவற்றைக் கீறுவதற்கு வேறு ஆட்களின் அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டிவரும். அதற்குள் சுவர்களும் விழுந்துவிடும். தெருவில் வருடா வருடம் சில சுவர்கள் இடிக்கப்பட்டுப் புது வீடு எழும்புகிறது. அது சந்தோஷமான காரியம்தான். ஆனால் பழைய சுவரை அதற்கு முதல் ஒருத்தராவது பார்த்து வைக்க வேண்டும்.

ஆங்கிலக் கூற்றைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. ஒதுக்கி வைக்கச் சொன்னேன். அவள் கொப்பியில் எழுதியதைத் தமிழிலேயே தட்டச்சுச் செய்தோம். கீழே என் மொழிபெயர்ப்பைச் சேர்த்தோம். முந்நூறு சொல் வரவில்லை. "காணாதே சேர்?" என்றாள். காணும் என்றேன். அப்படியே அனுப்பினாள். இன்னும் பதில் இல்லை. அவள் அடுத்த சுவரில் தாளை வைத்துவிட்டாள்.