வாய்க்கால் கரையில் சைக்கிள்: கிறவல் வீதியை ரசிப்பது எப்படி?

சைக்கிளில் போகும் சுகத்தில் பாதியைப் பிரதான வீதி பறித்துவிடுகிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி, முன்னால் வரும் முச்சக்கரவண்டிக்கு ஒதுங்கி, ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றாகிவிடும். வாகனம் இல்லாத மண் வீதிகளையும் கிறவல் வீதிகளையும் தேடி ஓட்டுவது இன்று பல நாடுகளில் ஒரு தனி விளையாட்டு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்ற சிற்றூரில் 2006இல் தொடங்கிய 200 மைல் கிறவல் ஓட்டம் இப்போது உலகப் புகழ் பெற்றது. 2022இல் இத்தாலியில் இதற்கென முதலாவது உலக சாம்பியன் போட்டியும் நடந்தது.

கல்முனைக்காரருக்கு அந்த அனுபவம் கிட்டங்கித் தாம்போதிக்கு அப்பால் காத்திருக்கிறது. இருபுறமும் நீரும் வயலுமாக உள்ள அந்தப் பாதையைத் தாண்டிச் சவளக்கடைச் சந்திக்கு வந்தால், சொறிக்கல்முனை, அன்னமலை, வீரத்திடல், மத்தியமுகாம் என்று ஊர்கள் பிரிகின்றன. ஊர்களை இணைக்கும் வீதி தார் வீதிதான். அதை விட்டு வட்டைக்குள் இறங்கி வாய்க்கால் கரையைப் பிடித்தால் செந்நிறக் கிறவல் தொடங்கும். மேற்கே, கண்ணுக்கெட்டும் தூரத்தில், காடு போர்த்த குன்றுகள்.

நீரை எதிர்த்துப் போங்கள்

இந்தக் கரைகளில் ஓட்டும்போது முதலில் கவனிக்கவேண்டியது பக்கத்தில் ஓடும் நீரை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, பட்டிப்பளை ஆற்றுக்குக் குறுக்கே இங்கினியாகலையில் அணை எழுந்தது. அங்கே தேங்கிய சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர்தான் பிரதான வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து இந்த வரம்புகள் வரை வருகிறது. நீரோட்டத்துக்கு எதிராக ஓட்டினால் மலையை நோக்கிப் போகிறீர்கள். நீரோடு ஓட்டினால் கடலை நோக்கி வருகிறீர்கள். கையில் வரைபடம் இல்லாவிட்டாலும் திசை தவறாது.

இந்த வீதிகளில் மூச்சு வாங்காததற்கும் நீரே காரணம். வாய்க்காலில் நீர் வேகமாக ஓடினால் கரையை அரிக்கும். மெதுவாக ஓடினால் சேறு படியும். ஆகவே வாய்க்காலை மிகச் சிறிய சரிவில், மேட்டைச் சுற்றி வளைத்து வளைத்து வெட்டுவார்கள். கரை வீதியும் அதே சரிவில், அதே வளைவில் போகிறது. நிலம் சட்டென்று இறங்கும் இடங்களில் சீமெந்துப் படி கட்டி நீரைக் கீழே விழவிட்டிருப்பார்கள். மேற்கே போகும்போது நீர் விழும் இரைச்சல் முதலில் கேட்கும். பிறகு வீதி ஒரு சிறு ஏற்றம் ஏறும். ஏறியதும் நீர் மறுபடி அமைதியாகிவிடும். அந்த இடத்தில் ஒரு காலை ஊன்றி நின்று பாருங்கள். மதகுக் கதவின் இரும்புத் தண்டில் பெரும்பாலும் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். நீர் விழுந்து நுரைக்கும் இடத்தில் குஞ்சு மீன்கள் தடுமாறும் என்பது அதற்குத் தெரியும்.

வீட்டுச் சைக்கிளே போதும்

கிறவலுக்கென்று செய்யப்படும் வெளிநாட்டுச் சைக்கிள்களின் டயர் ஏறத்தாழ 38 முதல் 45 மில்லிமீற்றர் அகலம். நம் வீடுகளில் வாப்பாமார் ஓட்டிய பெரிய சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றர். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் தூசு தட்டி வெளியே எடுத்த சைக்கிள் இன்னும் வீட்டில் இருந்தால், அதிலேயே தொடங்கலாம்.

மாற்றவேண்டியது காற்றின் அளவை மட்டும். தார் வீதிக்கு அடிப்பதுபோல் கல்லாக அடித்தால் ஒவ்வொரு பரலும் முதுகில் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் சற்று அமிழ வேண்டும். மிகக் குறைத்தாலும் ஆகாது: கல்லில் மோதும்போது டியூப் விளிம்போடு நசுங்கி ஓட்டையாகும். இளகிய கிறவலில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். சக்கரம் கொஞ்சம் அலையத்தான் செய்யும், தானாக நேராகும். வளைவில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

காதால் படியுங்கள், கண்ணால் படியுங்கள்

கிறவல் வீதி டயரின் கீழ் ஓயாமல் பேசும். இறுகிய கிறவலில் சீரான சரசரப்பு. உதிரிக் கல்லில் கறுமுறு. மணல் திட்டில் சத்தம் திடீரென அடங்கும், வேகமும் குறையும். கொஞ்ச நாள் பழகினால், கண் நாரையின் மேல் இருக்கும்போதே காது வீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கிறவலின் சிவப்பு, அதிலுள்ள இரும்பின் சிவப்பு. மழை பெய்து காய்ந்த மறுநாள் காலையில் அந்த நிறம் மிக ஆழமாக இருக்கும், தூசியும் எழாது. அன்றைக்கு வீதியின் மேற்பரப்பில் மழைக்குப் பின் நடந்ததெல்லாம் பதிந்திருக்கும். லேன்ட்மாஸ்டரின் தடம், மயிலின் மூவிரல், உடும்பு வாலை இழுத்துப்போன கோடு. இவற்றை அடையாளம் காணப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்; ஒரு காலையிலேயே கற்றுக்கொள்வார்கள்.

காலமும் காற்றும்

மாரி கொட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை இந்தப் பக்கம் வேண்டாம். கிட்டங்கியில் வெள்ளம் வீதியை மூடினால் போக்குவரத்தே அறுந்துவிடும். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக வெள்ளாமை பொன்னாகிச் சாயும். அறுவடை முடிந்த வயல்களில் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் கூட்டமாக இறங்கும். சிறுபோகப் பயிர் பச்சை பிடித்திருக்கும் மே, ஜூன் மாதங்களிலும் கரையோரம் அழகுதான்.

அந்த மாதங்களில் கச்சான் வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக, சூடேறி நம் பக்கம் இறங்குகிறது. அதைத் துணையாக்கிக்கொள்ளலாம். சுபஹ் தொழுதுவிட்டு, காற்று எழும்புமுன் மேற்கே போய்விடுங்கள். வெயில் ஏறிக் கச்சான் கிளம்பும்போது திரும்பினால், அது முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும்.

காடு நெருங்கும் இடத்தில்

சில மணிநேரம் போதுமென்றால் சவளக்கடை, சொறிக்கல்முனை, அன்னமலை வட்டைகளுக்குள்ளேயே சுற்றி வரலாம். முழு நாள் இருந்தால் அம்பாறைக்கு அப்பால் சுமார் 20 கிலோமீற்றரில் இங்கினியாகலை. குன்றுகளுக்கிடையே அணை தெரியும் இடத்தில், அதுவரை பக்கத்தில் வந்த நீரின் மூலத்தைக் காண்பீர்கள். 1954இல் அமைக்கப்பட்ட கல்லோயா தேசியப் பூங்கா அந்த நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்திருக்கிறது. தீவிலிருந்து தீவுக்கு யானைகள் நீந்திப் போகும் இடம் அது. படகில் போய்ப் பார்க்கலாம். சைக்கிளுக்கு அதற்குள் இடமில்லை.

யானை பூங்காவோடு நிற்பதில்லை. அறுவடைக் காலத்தில் வயல் வரை வரும். விடியுமுன்னும் அஸருக்குப் பிறகும் காட்டோரக் கரைகளில் ஓட்டாதீர்கள். தாம்பாள அகலத்தில் புதிய காலடித் தடமோ ஈரம் காயாத லத்தியோ கண்டால், அங்கேயே திரும்புங்கள். வாடியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரவு முழுவதும் பரணில் காவல் இருந்தவருக்குத் தெரியாத யானை இல்லை. தனியாகப் போகாதீர்கள்.

விவசாயியின் வீதி

இந்தக் கரைகள் வெள்ளாமைக்காகப் போடப்பட்டவை, நாம் விருந்தாளிகள். நெல் காயப்போட்டிருந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். உழவு இயந்திரம் வந்தால் வழி விடுங்கள். மதகுக் கதவில் கை வைக்காதீர்கள். யாருக்கு எப்போது நீர் என்பது வட்டவிதானையும் விவசாயிகளும் கூடித் தீர்மானித்த விஷயம். போத்தலையும் பொலித்தீனையும் வீட்டுக்கே எடுத்து வாருங்கள்.

இத்தாலியின் டஸ்கனியில் வெண்ணிறக் கிறவல் வீதிகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் மறைவதைக் கண்டவர்கள், அவற்றைக் காக்கவென்றே 1997இல் பழைய சைக்கிள்களில் ‘லெரோய்கா’ என்ற ஓட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த வீதிகள் இன்று அந்த மாகாணத்தின் பெருமை. நம் ஊர்களுக்குக் கார்ப்பெட் வீதி வேண்டும். நோயாளியும் பள்ளிப் பிள்ளையும் போகும் வழியில் அதில் சமரசம் கூடாது. வாய்க்கால் கரைகளோ கிறவலாகவே இருக்கட்டும். உழவு இயந்திரத்தின் இரும்புச் சக்கரம் கிழித்தாலும் நிரவிச் சரிசெய்யக்கூடியது கிறவல்தான். ஆனால் ஓட்டுவோரும் நடப்போரும் இருந்தால்தான் அதற்காகப் பேச ஆளிருக்கும். வருகிற சனிக்கிழமை காலையில் டயரின் காற்றைக் கொஞ்சம் குறைத்து, தண்ணீர்ப் போத்தலை நிரப்பி, வீட்டுப் பிள்ளை ஒன்றையும் கூட்டிக்கொண்டு கிட்டங்கியைத் தாண்டுங்கள்.