எச்சம் என்றால் பிள்ளை மட்டும்தானா?

போன மாதம் எங்க அத்தையின் காரியத்தில் ஒரு பெரியவர் 114-ஆம் குறளை எடுத்துப் பேசினார். ஒருவர் தக்கவரா இல்லையா என்பது அவருடைய எச்சத்தால் தெரியும், எச்சம் என்றால் பிள்ளைகள் என்றார். அத்தைக்குப் பிள்ளை கிடையாது. மாமா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பெரியவரைக் குறை சொல்வதற்கில்லை. பரிமேலழகர் உரையே அப்படித்தான்: தக்கவர்க்கு நன்மக்கள் உண்டு, தகவில்லாதவர்க்கு இல்லை, அதுவே அடையாளம். எனக்கு இந்த உரை ஒப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எஞ்சு என்பதிலிருந்து எச்சம்; மிஞ்சு என்பதிலிருந்து மிச்சம். சொல்லளவில் பொருள் 'எஞ்சி நிற்பது', அவ்வளவுதான். பொருள் முடியாமல் இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்பதால் 'செய்த' பெயரெச்சம், 'செய்து' வினையெச்சம். காக்கை போட்டுவிட்டுப் போவதும் எச்சம்தான். எது எஞ்சியது என்பதை இடம்தான் சொல்லணும்.

குறளுக்குள்ளேயே தேடிப் பார்ப்போம். 674-இல் அணையாமல் விட்ட நெருப்பின் மீதி. 238-இல் புகழ். 1075-இல் வெறும் 'மற்றபடி' என்ற பொருள். 112-இல் வழித்தோன்றல்.

"112-உம் அதே அதிகாரம்தானே, ரெண்டு குறள் முன்னாடி பிள்ளை என்றால் இங்கேயும் அதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே பேச்சு செல்வத்தைப் பற்றி. செல்வம் போய்ச் சேர்வது வாரிசுக்கு. இங்கே பேச்சு ஆளை அளப்பதைப் பற்றி. 'அவரவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு வகையாருக்கும் எச்சம் உண்டு என்றால்தான் அது நேராகப் பொருந்தும். தகவில்லாதவருக்கு எச்சமே இல்லை என்றால் எதை வைத்து அவரைக் காண்பது? அதனால்தான் உரை 'இன்மையாலும்' என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது. குறளில் அது இல்லை. அதிகாரமோ நடுவுநிலைமை. பிள்ளை இருக்கா என்று பார்த்து ஆளை எடைபோடுவது எந்த ஊர் நடுவுநிலைமை?

ஆகவே 114-இல் எச்சம் என்பது ஒருவர் போன பின் எஞ்சும் எல்லாமும் என்றே கொள்கிறேன். பிள்ளைகள் அதில் ஒரு பகுதி. அவர்கள் மட்டுமே அல்ல.

அத்தையிடம் தையல் கற்ற மூன்று பெண்கள் இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார்கள். காரியத்தன்று பந்தியில் இலை போட்டதும் அவர்கள்தான்.

மாமாவிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். கேட்டுவிட்டு, "அன்னைக்கே எழுந்து சொல்லியிருக்கலாமேடா" என்றார்.