வார்த்தையா, வாக்கா?

அண்ணா சாலைப் பேருந்தில் 'நந்தனம்' என்று நடத்துநர் அழைக்கக் கேட்டோர் இறங்க விரைகின்றனர். அது இன்பம் தருவதையும் இந்திரனுடைய சோலையையும் குறிக்கும் வடசொல் என்பது அவர்தம் நினைவில் எழுவதில்லை. ஆயினும் அவர்கள் சொல்லைத் தவறாக உணர்ந்தனர் என்று எவரும் கூறார். சொல்லின் பிறப்பு வேறு. கேட்போர் மனத்தில் அது எழுப்பும் பொருள் வேறு. பிரசங்க பீடத்தில் ஏறியதும் இவ்வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம்.

யோவான் நற்செய்தியின் முகவுரையிலுள்ள 'லோகோஸ்' என்னும் கிரேக்கச் சொல் இதற்குத் தக்க சான்றாகும். அது பேச்சையும், பேச்சின் உள்ளிருக்கும் அறிவையும் ஒருங்கே சுட்டும். பவர் ஐயர் குழுவினரின் 1871 ஆம் ஆண்டுத் திருப்புதல் அதனை 'வார்த்தை' என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கி 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் 'வாக்கு' என்றது.

இவற்றுள் எது சிறந்தது? 'வெறும் வார்த்தை' என்று இகழும் வழக்கு நம்மிடம் உண்டு. வாக்கோ காக்கப்பட வேண்டியது; தவறினால் பழி கொடுத்தவனையே சாரும். சொல்லையும் சொல்பவரின் உண்மையையும் பிணைத்து நிற்பதால், மாம்சமானவரைக் குறிக்க 'வாக்கு' மிகப் பொருந்துவதே.

எனினும் 'அறிவு' என்னும் கூறு இரண்டிலும் வெளிப்படவில்லை. அதனால் தமிழ்க் கிறிஸ்தவர் அவ்வெண்ணத்தை அடையவே இயலாதா? அவ்வாறன்று. சொல் நாவின் நுனியில் நின்று வர மறுக்கும்போதும், சொல்ல வந்தது இன்னதென நாம் அறிந்தே இருக்கிறோம். எண்ணம் முழுவதும் சொல்லுக்குள் அடங்குவதில்லை. மேலும், சொல்லின் பொருள் பெரும்பாலும் அதன் வழக்கிலேயே உள்ளது என்று விட்கன்ஸ்டைன் 1953 இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். தலைமுறை தலைமுறையாக 'வார்த்தை' என்று சொல்லிச் செபித்தோர், முன்னணையையும் சிலுவையையும் அச்சொல்லுள் நிறைத்து வைத்துள்ளனர். அகராதி அதனைத் தந்ததன்று.

ஆகையால், "மூலமொழியில் இதன் பொருள் வேறு" என்று மட்டும் கூறி அமர்ந்துவிடும் அருளுரையை நாம் ஏற்பதற்கில்லை. அது எளிய விசுவாசியின் கையிலிருந்த சொல்லைப் பறித்து, வேறொன்றும் தராது அனுப்புகிறது. கிரேக்கம் கற்பது நம் கடமை. கற்றதை, சபையார் ஏற்கெனவே அறிந்துள்ள பொருளோடு இணைத்து விரித்துரைப்பதும் அதே கடமையின் பகுதியாகும்.